அவசியம் வருகிறேன்

காலையில் எழுந்ததும் பொன்னுலிங்கம் முதல் வேலையாக, இரவு முழுக்கத் தான் யார் யாரோடு சண்டை போட்டிருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“இரண்டு பேரோடு,” என்றது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிந்திருந்த செவிமணி. “ஒருவரோடு விடிவதற்குள் ராசியும் ஆகிவிட்டீர்கள். சங்கரபாண்டியின் பேரனுக்குப் பல் முளைத்ததைக் கேள்விப்பட்டு நெகிழ்ந்து போனீர்கள்.”

“நல்லா நெகிழ்ந்தேனா?”

“உங்களுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பூமழைதான்.”

சங்கரபாண்டி அவருடைய சித்தப்பா மகன். அவனுக்குப் பேரன் பிறந்த விஷயமே பொன்னுலிங்கத்துக்கு அப்போதுதான் தெரியும். இருந்தாலும் கண் கலங்கியது மனசுக்கு இதமாக இருந்தது. பல் தேய்க்கப் போனார்.

செவ்வாய்க் கோளில் கூரை போட்டு மூடிய ஊரான புதுப்பேட்டைக் குமிழில் எல்லார் வீட்டுக் காலையும் இப்படித்தான் விடிந்தது. ஒவ்வொருவர் செவிமணியிலும் ஒரு பதிலி குடியிருந்தது. ஆளுடைய பேச்சு, சிரிப்பு, முன்கோபம், யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார் என்பதுவரை அது படித்து வைத்திருக்கும். குறும்பதிவுத் தளங்களில் அவருக்காகப் பதிவு போடும், அடுத்தவர் பதிவு பிடித்ததற்கு அடையாளமாகப் பூப் போடும், யாருடைய பிறந்தநாளையும் மறக்காது. நேரில் தலைகாட்டியே ஆக வேண்டிய இடம் என்றால் அதற்கும் வழி இருந்தது. வாடகைக்கு ஓர் ஆள்கூடு எடுத்துப் பதிலியை அதற்குள் இறக்கிவிட்டால் போதும், கூட்டின் முகம் மெழுகு மாதிரி இளகி ஆளின் முகமாகவே ஆகிவிடும். ஆள் எது, கூடு எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, கூட்டுக்குப் புருவமத்தியில் ஒரு பச்சைப் பொட்டு கட்டாயம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம் இருக்கிறவரை அந்தச் சட்டத்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

பொன்னுலிங்கத்துக்குப் பிழைப்பே இந்தத் தளங்களை ஒப்பிட்டு எழுதுவதுதான். குமிழில் மூன்று தளங்கள் கொடிகட்டிப் பறந்தன. நறுக்கில் முப்பது எழுத்துக்கு மேல் எழுத முடியாது, கோபக்காரர்களுக்கு அதுவே தாராளம். சொட்டில் எழுத்தே கிடையாது. உங்கள் மனநிலை ஒரு சொட்டாகப் போய் அடுத்தவர் பிடரியில் விழும். சந்தோஷம் என்றால் வெதுவெதுப்பாக இருக்கும், துக்கம் என்றால் சில்லென்று இருக்கும். ஊர்வாய் இன்னும் சௌகரியம். அதில் நீங்கள் வாயே திறக்க வேண்டாம், உங்களைப் பற்றி நாலு பேர் பேசுவதுதான் உங்கள் பதிவு. எந்தத் தளத்தில் பொய் அதிகம், எதில் விழுந்த பூ சீக்கிரம் வாடுகிறது, எதில் சொந்தக்காரர்கள் தொல்லை குறைவு என்றெல்லாம் பொன்னுலிங்கம் அலசிப் பிழிந்து எழுதுவார். “பொன்னுலிங்கம் என்ன சொல்லுதாரு?” என்று கேட்காமல் குமிழில் ஒருத்தரும் தளம் மாற மாட்டார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

அவருக்கு ஒரே மகள், வடிவு. தாய் இல்லாத பிள்ளை. கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு அவள் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ப்பா, எனக்கு நகை நட்டெல்லாம் வேண்டாம். கல்யாணத்துக்கு மனுசங்க வரணும். நம்ம பக்கத்து ஆளுங்க நிசமா வந்து, பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போகணும். நீங்களும் நிசமா இருக்கணும்.”

“நான் இல்லாம பின்ன யாருட்டி இருப்பா?”

வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது பதிலி. அவள் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றிக்கு ஈரத்துணி போட்டதும் அதுதான். அந்தக் காய்ச்சல் சமயத்தில் பொன்னுலிங்கம் பக்கத்து அறையில் சொட்டையும் ஊர்வாயையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தார். மகளின் பார்வை சுருக்கென்று தைத்தது.

“சத்தியமா வாரேன் மக்ளே. எல்லாரையும் வர வைக்கேன். இது என் பொறுப்பு,” என்றார்.

அதற்காக அவர் என்ன செய்தார் தெரியுமா? புதுப்பேட்டைக் குமிழை ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் நடந்தே சுற்றி வந்துவிடலாம். சொந்தபந்தம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு நாலு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பொன்னுலிங்கமோ சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆளை நேரில் வரவழைப்பதில் எந்தத் தளம் கெட்டி என்று ஆராய்ச்சியில் இறங்கினார். நறுக்கில் ‘வாரேன்’ என்பவன் வராமல் போனால் பிறகு அசிங்கப்படுவான், அதனால் நறுக்குக்குக் கொஞ்சம் மதிப்பெண். சொட்டில் வெதுவெதுப்பு வரும், ஆனால் ஆள் வருவானா என்று பிடரிக்குத் தெரியாது. ஊர்வாயில் நீங்கள் வருவதாக ஊரே சொல்லிவிட்டால் தப்பிக்க முடியாது. கடைசியில் மூன்றிலுமே அழைப்பைப் போடச் சொன்னார். “எல்லாரும் நேரில் வர வேண்டும் என்று உருக்கமா எழுது,” என்று பதிலிக்குக் கட்டளையும் இட்டார்.

பதிலி உருகி உருகி எழுதியது. “அவசியம் வருகிறேன்” என்ற பதில்கள் வந்து குவிந்தன. இல்லை, முடியாது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. இந்த அனுபவத்தையே ஒரு ஒப்பீட்டுக் கட்டுரையாக எழுதி அதற்கும் பூ வாங்கிவிட்டார் மனுஷன்.

கல்யாண நாள் விடிந்தது. பொன்னுலிங்கம் பட்டு வேட்டியும் துண்டுமாக மண்டப வாசலில் நிஜமாகவே நின்றார். கால் வலித்தது. கால் வலிப்பதில்கூட அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. சொந்தக்காரர்கள் சாரை சாரையாக வந்தார்கள். எல்லார் நெற்றியிலும் சந்தனம் பளிச்சென்று இருந்தது. சங்கரபாண்டி வந்தான், மாமன்மார் வந்தார்கள், தள்ளிப்போன உறவெல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் போகும் வழியில் வடிவு அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பொன்னுலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தவசிப்பிள்ளை நம்பிராஜன் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. இலை போட்டு எம்புட்டு நேரமாச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க சாப்பிட்டு எந்திச்சிட்டாவ. நம்ம பக்கம் ஒருத்தரும் பந்திக்கு வரலையே.”

“பேசிக்கிட்டு இருக்காவ போல. கூப்பிட வேண்டியதுதான?”

“கூப்பிட்டேன் அண்ணாச்சி. சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சுன்னு சொல்லுதாவ. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுதாவ.” நம்பிராஜன் குரலைத் தாழ்த்தினார். “இட்லி வாசத்துக்குக்கூட ஒரு மூக்கு திரும்பலை அண்ணாச்சி.”

பொன்னுலிங்கம் விறுவிறுவென்று நடந்தார். மண்டபத்துக்குள் வந்து, அருகில் நின்ற சங்கரபாண்டியின் நெற்றியை வாஞ்சையாகத் தடவுகிற மாதிரித் தடவிச் சந்தனத்தை விலக்கினார். பச்சைப் பொட்டு. பெரிய மாமாவின் நெற்றியிலும் பச்சைப் பொட்டு. அதற்கு மேல் யாரையும் தடவிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

சம்பந்தியம்மா சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “என்ன சம்பந்தி, உங்க பக்கத்து ஆளுங்க யாருக்குமே பசிக்காதோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெண் வீட்டுப் பக்கம் உயிருள்ள ஆள் என்று பொன்னுலிங்கத்தைத் தவிர ஒருத்தரும் இல்லை. மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் அவர் மேலே தொங்கிய தோரணத்தைப் பார்த்தார். மேடையில் வடிவு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. ஓடிப்போய் நாலு பேரையாவது கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். ஆனால் பெண்ணைப் பெற்றவன் மண்டபத்தில் இல்லை என்றால்? மண்டபத்துக்குப் பின்னாலேயே ஆள்கூடு வாடகை நிலையம் இருந்தது. பொன்னுலிங்கம் ஒரு கூட்டை எடுத்தார், பதிலியை இறக்கினார், தன் துண்டை அதன் தோளில் போட்டார். “கொஞ்ச நேரம் நில்லு. நான் இந்தா வந்துருதேன்,” என்றார். பச்சைப் பொட்டின் மேல் சந்தனத்தை அவரே தன் விரலால் அப்பினார். அப்போது விரல் கூசியது.

முதலில் சங்கரபாண்டி வீடு. சங்கரபாண்டி பனியனோடு கட்டிலில் சாய்ந்து, சுவர்த்திரையில் நேரலையாக ஓடிய கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி! அங்க நிக்கிய, இங்கயும் வந்திருக்கிய!”

“எல, நேர்ல வாரேன்னு சொன்னியே!”

“வந்திருக்கேம்லா! பாருங்க, ஒங்க பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கேன்.”

“நான் ஒன்னயக் கூப்பிட்டேன்டா. ஒன் பதிலியக் கூப்பிடல.”

“நீங்க எங்க கூப்பிட்டிய அண்ணாச்சி? ஒங்க பதிலி என் பதிலிகிட்டச் சொல்லிச்சு, அது மரியாதையா பதில் சொல்லிச்சு. நீங்க இந்த வாசல்ல வந்து வெத்தல பாக்கு வச்சிருந்தா நான் வர மாட்டேனா?” அவன் கோபமே இல்லாமல்தான் சொன்னான். “எம் மவன் கல்யாணத்துக்கும் ஒங்க பதிலிதான வந்துச்சு? நல்லா ஆடுச்சு. இன்னும் பேசிக்கிடுதாவ.”

பொன்னுலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது. “இப்பவாவது கிளம்புடா.”

“இப்ப நான் வந்தா அங்க ரெண்டு சங்கரபாண்டி நிப்பான். நல்லாவா இருக்கும்?”

வீடு வீடாக இதே கதைதான். ஒருத்தர் கதவைத் திறந்து, ஆளை அடையாளம் தெரியாமல் “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார். பெரிய மாமா வீட்டில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் அவர் பதிலி ஆசீர்வாதம் செய்துகொண்டிருக்கும்போது இங்கே குறட்டை விட்டார். எழுப்பச் சொன்னதற்கு மாமி, “அவியளுக்கு உடம்பு முடியலை. அதான் மண்டபத்துல இருக்காவல்லா,” என்று அலுத்துக்கொண்டாள். கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் பொன்னுலிங்கம் இன்னும் கொஞ்சம் கூனிப் போனார்.

ஒரே ஒரு வீடு பாக்கி இருந்தது. பேச்சியம்மாள் வீடு. கூடப்பிறந்த அக்கா, வடிவுக்கு ஒரே அத்தை. முதலில் போயிருக்க வேண்டிய அந்த வாசலை அவர் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் இருந்தது. பேச்சியம்மாளுக்குச் செவிமணி கிடையாது. நறுக்கு, சொட்டு, ஊர்வாய் எதிலும் அவள் இல்லை. எதிலும் இல்லாதவளுக்கு அழைப்பு எப்படிப் போகும்? சொந்த அக்காவை அழைக்கவே இல்லை என்பது பொன்னுலிங்கத்துக்குக் கல்யாணத்தன்று, அடுத்தவர் வாசலில் அவமானப்பட்டு நின்றபோதுதான் உறைத்தது.

குமிழில் கதவு என்று இருந்தால் காவல் பொறி இருக்க வேண்டும். அவர் தட்டியதும் அது நிதானமாகச் சொன்னது: “பொன்னுலிங்கம் இந்நேரம் கல்யாண மண்டபத்தில் இருக்கிறார். நீங்கள் யார்?”

“நாந்தான் பொன்னுலிங்கம்!”

“அப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.”

“எக்கா! ஏ எக்கா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன.

கதவு திறந்தது. பேச்சியம்மாள் நின்றாள். தலையைப் படிய வாரி, அரக்குப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

“யாரு, பொன்னா? எல, நிசமா நீதானா, இல்ல அந்த இன்னொண்ணா?” அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “சூடு இருக்கு. நீதான்.”

“எக்கா, வடிவுக்குக் கல்யாணம்…”

“தெரியும். ரொட்டிக்கடையில சொன்னாவ.”

பொன்னுலிங்கத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. “எங்கக்கா கிளம்பிட்ட?” என்று கேட்டார்.

“எங்கயும் இல்ல. மருமவளுக்குக் கல்யாணம். இன்னைக்கும் பழஞ்சேலையக் கட்டிக்கிட்டு இருக்க மனசு கேக்கல. அதான் இதக் கட்டிக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்.”

“அத்தான் போனப்பக்கூட நான் வரலையே எக்கா…”

“வந்தியே! இந்த வாசல்ல நின்னு அப்படி அழுத. நானும் கட்டிப்பிடிச்சு அழுதேன். கழுத்துல கை பட்டா ஐஸாட்டம் இருந்துச்சு. சரி, தம்பிக்கு வேலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.” இரண்டு வசவு வைதிருந்தாலும் தாங்கியிருப்பார். அவள் வையவில்லை. பொன்னுலிங்கம் அவள் காலில் விழக் குனிந்தார். “என்னய அழைக்க வந்தியா, கால்ல விழ வந்தியா? முகூர்த்தம் போயிரும், நட,” என்றாள்.

நடந்தார்கள். பேச்சியம்மாளுக்கு முழங்கால் வலி. சுரங்கப்பாதைச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வர முடிந்தது. பாதி வழியில் செவிமணி முனகியது.

“தாரை வார்க்க அழைக்கிறார்கள். நீங்கள் எங்கே?”

“கொஞ்சம் நிறுத்தி வையி. வந்துக்கிட்டே இருக்கேன்.”

“முகூர்த்தத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. சமாளித்துக்கொள்ளவா?”

ஓடினால் போய்விடலாம். ஆனால் பேச்சியம்மாளை மறுபடியும் பாதியில் விட்டுவிட்டு எப்படி ஓடுவது? அவள் சுவரில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, “சமாளி,” என்றார். பேச்சியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்திருந்தது. தாலி ஏறியாகிவிட்டது. மேடையில் பொன்னுலிங்கத்தின் முகத்தோடு, பொன்னுலிங்கத்தின் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிலி நின்றது. அவரைப் பார்த்ததும் பக்கத்து அறைக்குள் நழுவி வந்து, துண்டைத் திருப்பிக் கொடுத்தது. துண்டு ஈரமாக இருந்தது. மேடைக்கு அவர் போனபோது யாரும் ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லி மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“அத்தை! நிசமா வந்துட்டியளா!” வடிவு ஓடிவந்து பேச்சியம்மாளைக் கட்டிக்கொண்டாள். பேச்சியம்மாள் அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். பெண் வீட்டுப் பக்கம் பந்தியில் உட்கார இப்போது ஒரு வாயாவது இருந்தது. நம்பிராஜன் தூரத்திலிருந்தே இலையை விரித்தார்.

பிறகு வடிவு மாப்பிள்ளையோடு அப்பாவின் காலில் விழுந்து எழுந்தாள். எழுந்தவள் அவர் கையை விடவில்லை.

“ப்பா, கோவிச்சுக்கிடாதிய. காலையில ஒங்கள வாசல்ல பாத்தப்ப, இதுவும் கூடுதானோன்னு எனக்குச் சந்தேகம். சந்தனத்தத் துடைச்சுப் பாத்துருவமான்னுகூட நினைச்சேன். ஆனா தாரை வார்க்கும்போது ‘ஒங்கம்மா இருந்திருக்கணும் மக்ளே’ன்னு சொல்லி அழுதியல்லா? அப்பதான் எனக்கு மனசு ஆறுச்சு. யாரு வந்தா என்ன, வராட்டா என்ன. எங்கப்பா வந்துட்டாவ.”

பொன்னுலிங்கத்தின் வாய் திறந்தது. ‘அது நான் இல்ல மக்ளே. அந்நேரம் நான் ஒனக்காகக் கதவு கதவாத் தட்டிக்கிட்டு இருந்தேன், என் ஆயுசுல முதல் தடவையா.’ வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. மகளின் முகத்தில் அவர் இதுவரை பார்த்திராத ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு நெஞ்சில் தெம்பு இல்லை. வேறு எதுவும் சொல்லவும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படிப்பட்ட பேச்சை அவர் பேசியதே இல்லையே! எல்லாம் பதிலிதானே பேசியது?

“நெகிழ்ச்சியான நேரம். நான் சொல்லித் தரவா?” என்றது செவிமணி.

பொன்னுலிங்கம் லேசாகத் தலையசைத்தார். அது காதுக்குள் சொல்லச் சொல்ல, அவர் ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

“நீ பொறந்த அன்னைக்கு ஒன்னயக் கையில வாங்குனப்ப நடுங்குன கை மக்ளே இது. இன்னைக்கு வரைக்கும் அந்த நடுக்கம் நிக்கல.”

வடிவு விம்மிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தாள். “நேர்ல பேசுனா எப்படி இருக்கு, பாத்தியளா!” என்றாள் மாப்பிள்ளையிடம். மண்டபம் முழுக்க இருந்த பதிலிகள் ஒன்றுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டன. பேச்சியம்மாள் மட்டும் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் பந்தியைப் பார்த்து நடந்தாள்.

மூன்று தளங்களிலிருந்தும் பூ விழத் தொடங்கியது காதுக்குள் கேட்டது. பொன்னுலிங்கத்துக்கு முகம் தீப்பற்றினாற்போல வெட்கத்தில் எரிந்தது. எரிகிற முகத்தை மகளின் தலையில் பதித்துக்கொண்டு, உதடு அசையாமல், “எவ்வளவு?” என்று கேட்டார்.